பத்து வருஷ ஃபீல்டு

"அண்ணா, நம்ம வயசுக்காரங்க எல்லாம் காச விட்டுட்டு ஃபோன்லயே பணம் கட்டுறாங்களே, அதுக்கு என்ன காரணம்னு நினைக்கிறீங்க?"

கிழக்குத் தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நின்ற இளைஞனிடம் ஜீவிதா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

அவள் குரோம்பேட்டையில் எம்.பி.ஏ. படிக்கிறாள். இதுதான் புராஜெக்ட். தோழிகளே ஹாஸ்டலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நூறு சர்வே படிவத்தையும் நிரப்பித் தந்திருந்தார்கள். நூறு பேருக்கும் நாலே கையெழுத்து. புராஜெக்டைத் திருத்தும் யூனிஸ் மேடம் விடுவார்களா? வெளியில் போய் நிஜமான ஆளிடம் பேசி வராவிட்டால் பாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து வெயிலில் அலைகிறாள், ஒரு ஆள் நின்று பேசவில்லை. அழுகையே வந்துவிட்டது.

இவன் பேசினான். பெயர் கதிரேசன் என்றான்.

"காரணம் இன்னா? சோம்பேறித்தனம்தான் தங்கச்சி. சில்லறை வாங்கி எண்ணி வைக்கக்கூட உடம்பு வணங்கல."

அப்புறம் பாருங்கள், மனுஷன் புள்ளிவிவரமாகக் கொட்டினான். சிறுசேரி ஐ.டி. கம்பெனி ஆட்கள் பர்ஸில் நாலு கார்டும் ஒரு சாமி படமும்தான் இருக்குமாம். காலேஜ் பையன்கள் பர்ஸே வைப்பதில்லையாம். பெண்களாவது கைப்பையில் இருநூறு, முந்நூறு வைத்திருந்தார்களாம். பூக்காரம்மாவும் ஸ்கேன் அட்டையைத் தொங்கவிட்ட பிறகு அதுவும் போச்சாம். சம்பள நாள், தீபாவளி சமயம் என்று எந்த வித்தியாசமும் கிடையாதாம். சொல்லச் சொல்ல அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

ஜீவிதாவுக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. மேடம் இதைப் படித்தால் அசந்துபோவார்கள்.

"எப்படிண்ணா இவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"பத்து வருஷமா இதே ஃபீல்டுதான். இந்த ரூட்ல ஒரு பஸ்ஸ வுட்டதில்ல."

ஏதோ பெரிய சர்வே கம்பெனி ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் நாலைந்து தடவை நன்றி சொன்னாள்.

கோவளம் பஸ் கூட்டமாக வந்து நின்றது. அதில் ஏறப் போனவன் என்ன நினைத்தானோ, திரும்பி வந்தான். சட்டைக்குள் கைவிட்டு, அவளுடைய பர்ஸை எடுத்து நீட்டினான்.

"நாப்பது ரூபாதான் கீது. உன்னையும் அந்த லிஸ்ட்ல சேத்துக்கோ, தங்கச்சி."