மூலையில் ஒரு தக்காளிச் செடி

"பின்பக்க மூலையில மட்டும் எதையும் நட்டுடாதீங்க," என்று சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொன்னார். தோட்டத்தில் வெயில் விழுவதே அங்கேதான். தக்காளி நட்டேன்.

மறுநாள் செடி தலைகீழாக நின்றது. இலைகள் மண்ணுக்குள், வேர் வானத்தைப் பார்த்து. நிமிர்த்தி நட்டேன். விடிந்தால் மறுபடியும் அப்படியே.

"எதுக்கு வம்பு, விட்டுடேன்," என்றார் கணவர்.

"நானா அதுவான்னு பாத்துடறேன்."

தினமும் வேர்மேலேயே தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தேன். இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. பழங்களை யாரோ பறித்திருந்தார்கள். எட்டுக் காம்புகளிலும் ஈரம் காயவில்லை.

குழிக்குள் குனிந்து சொன்னேன்: "நட்டது நான். பாதி எனக்கு வரணும்."

காலையில் பின்வாசல் படியில் மூன்று பழங்கள் இருந்தன, கழுவித் துடைத்து.

ஒன்று குறைகிறது. மண்வெட்டியை எடுத்தேன்.