ஊமைப்படத்தில் அவள் பேசியது

இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

திரையில் கணவன் மறுபடியும் மனைவியின் கழுத்தைப் பிடித்தான்.

கையைக் காட்டியவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே முழுப் பேச்சையும் பிடித்துவிடுவாள். ஊமைப்படம் பார்க்க அவளைக் கூட்டிவந்தது அதற்குத்தான்.

கூட்டிவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லோகநாயகி அம்மாள், வயது எழுபத்தாறு. திரையில் இருக்கும் இருவரும் அவரைப் பெற்றவர்கள். அவருக்கு மூன்று வயதானபோது அம்மா எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அப்பா சொன்னார். ஊரும் அதையே சொன்னது. ஓடுகாலி மகள் என்ற பேரோடுதான் பள்ளிக்கூடம் போனார், கழுத்தை நீட்டினார், தலையும் நரைத்தாயிற்று.

"எங்கம்மா என்னதான் பேசுறா, பாத்துச் சொல்லு கண்ணு. நான் கண்ணை மூடுறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

அவர்கள் நடித்ததில் இரண்டே படங்கள் மிஞ்சியிருந்தன. இரண்டிலும் அதே ஜோடி, ஏறக்குறைய அதே கதை. ஒரு கடிதம், ஒரு சந்தேகம், கழுத்தில் கை. கடிதம் அண்ணன் எழுதியது என்று தெரிந்ததும் கணவன் மார்பில் அடித்துக்கொள்கிறான். முதல் படத்தில் மனைவி பிழைக்கிறாள். இரண்டாவதில் இல்லை.

இடையில் வரும் எழுத்துகூட ஒன்றுதான். 'நாதா, நான் மாசற்றவள்!'

உதடு மட்டும் வேறு.

முதல் படத்தில் நடிகை சொல்கிறாள்: "மெல்லப் பிடிங்க, பவுடர் போயிடும்." சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்குகிறாள். அடி கள்ளி! பார்க்கவே ஆசையாக இருந்தது.

இரண்டாவது படம் இரண்டு வருஷம் கழித்து, லோகநாயகி அம்மாளுக்கு மூன்று வயதானபோது எடுத்தது. நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று புகழாத ஆள் இல்லையாம்.

"எவனோடயும் எனக்கு ஒண்ணுமில்லே. பாப்பா மேல சத்தியம்."

படத்தில் அவர்களுக்குக் குழந்தையே கிடையாது.

அடப்பாவி, நிஜமாகவே நெரிக்கிறான்.

நடிகையின் கண்கள் கேமராவை விட்டு விலகி, கொஞ்சம் கீழே, ஓரமாகப் போயின.

"பாப்பாவை அந்தப் பக்கம் திருப்புங்க."

அதற்குப் பிறகு வரும் காட்சிகளில், பிணமாகக் கிடக்கும்போதுகூட, மனைவியின் முகமே இல்லை.

அவள் நோட்டில் எழுதினாள். 'ஓடிப்போகவில்லை. எவனோடும் தொடர்பில்லை என்று சத்தியம் செய்கிறார்.'

லோகநாயகி அம்மாள் இரண்டு முறை படித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"போதும்டா கண்ணு, இது போதும்."

சற்றுப் பொறுத்து அவளைப் பார்த்துத் திரும்பினார். "கடைசியா ஓரமாப் பாத்து ஏதோ சொல்றாளே. அது என்ன?"

புரியவில்லை என்று தலையாட்டினாள். பொய்தான். எப்படிச் சொல்வது?

அம்மாள் விடவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார்.

கழுத்தில் கை விழுந்தது. உதடு சத்தியம் செய்தது. கண்கள் ஓரமாக நகர்ந்தன.

லோகநாயகி அம்மாளின் முகம், யாரோ தாடையைப் பிடித்துத் திருப்பியது போல, சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பியது.

படம் முடியும்வரை அப்படியே இருந்தார்.