அடித்தண்ணீர்

மார்கழிக் குளிரில் ஏரி மீன்களெல்லாம் செத்து மிதந்தன. தண்ணீரைச் சோதிக்க வந்தவர் ஒரு புட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்.

தப்பிப் பிழைத்த விரால் ஒன்று புட்டியிடம் பதறி வந்தது. "அக்கா, மேல்தண்ணி நல்லாத்தான் இருக்கு. எங்க சனம் மூச்சு முட்டிச் செத்தது அடியில."

"என் கயிறு ஒரு முழம்தானேடா," என்று கலங்கியது புட்டி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. முடிச்சை நழுவவிட்டு அடிவரை மூழ்கி, கருத்த தண்ணீரை வயிறு முட்ட வாங்கிக்கொண்டது.

கொக்கி போட்டு அதை மேலே இழுத்தவர் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "சீ, இந்த நாத்தத்தை எவன் சோதிப்பான்?"

கீழே கொட்டினார். நன்றாக அலசிவிட்டு, கரையோரத்துத் தெளிந்த தண்ணீரை நிரப்பினார்.

புட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அவர் மூடியை இறுகத் திருகினார்.