உறுப்பினர் எண் ஒன்று

காகிதம் பொய் சொல்லும். கணினி சொல்லாது.

நீச்சல் சங்கத் தலைவர் இதை இரண்டு பொதுக்குழுவில் முழங்கிவிட்டார். கணினிப் பதிவேட்டின் தொடக்க விழாவில் மூன்றாவது முறை முழங்குவதற்காக இன்று பத்து மணிக்குக் கலெக்டரை அழைத்திருந்தார்.

இப்போது ஆறரை.

கணினி தலைவரை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது.

அவள் மறுபடியும் ‘சேமி’யை அழுத்தினாள். மறுபடியும் சிவப்புக் கோடு.

நீச்சல் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. டைப்பிங் தெரியும் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதில், சங்கத்தின் பழைய படிவங்களையெல்லாம் கணினியில் ஏற்றும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்தில் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேர். ஒருவர் தொழில் என்ற இடத்தில் ‘மாமனார் டாக்டர்’ என்று எழுதியிருந்தார். கணினி ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

மீதி ஒன்று, தலைவருடையது. கலெக்டர் பொத்தானை அழுத்தியதும் பெரிய திரையில் முதலில் வரப்போகும் படிவம்.

நீச்சல் சோதனை: துணையின்றிக் குளத்தைக் கடந்தார். ஆம் / இல்லை.

காகிதத்தில் அந்த இடத்தில் பென்சிலில் ஒரே ஒரு சொல்.

‘பிறகு.’

பக்கத்தில் அப்போதைய செயலாளரின் கையெழுத்து. 1994.

கணினியில் ‘பிறகு’ இல்லை.

தலைவர் வாசலில் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் விசில். அவள் கூப்பிட்டதும் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் படித்தார்.

“ஆமான்னு ஒரு தட்டு தட்டி உடுங்க அம்மிணி. இதுக்கெல்லாமா என்னையக் கூப்புடுவீங்க?”

“தட்டலாமுங்க சார். தட்டுனா சோதிச்சவர்னு கீழ எம் பேரு வந்துருமுங்க. அப்பறம் அழிக்க முடியாதுங்க.”

“அது எந்தப் புத்திசாலி வெச்சது?”

“நீங்கதானுங்க. ஆரு பொறுப்புன்னு தெரியோணும்னு சொல்லி, கேட்டு வாங்குனீங்க.”



அவர் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு கைக்கடிகாரத்தை.

உடை மாற்றும் அறைப் பக்கம் நடந்தார்.

அவர் போன பின்புதான் அவள் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் இருப்பதைக் கணினி கேட்கவில்லை. அதனால் இரண்டு மாதமாக எந்தப் படிவத்தின் பின்பக்கத்தையும் அவள் பார்த்ததில்லை.

சங்கத்தில் சேர விரும்பும் காரணம்:

‘தம்பி. தோட்டத்துக் கிணறு. ஏழு வயது.’

கீழே நான்கு வரி காலியாகக் கிடந்தது.

தினமும் மாலையில் கடைசிக் குழந்தை ஏறும்வரை தலைவர் கரையில் நிற்பார். வாயில் விசில். ஒரு தலை முங்கி எழக் கொஞ்சம் தாமதித்தாலும் ஊதிவிடுவார். பயிற்சியாளர்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவள்தான் நன்றாக நடிப்பாள்.

விழாவுக்காக இன்று வகுப்புகள் இல்லை. குளத்தில் ஆளில்லை. கம்பிகளில் செவ்வந்திச் சரம் கட்டியிருந்தது.

விருந்தினருக்கென்று வைத்திருக்கும் நீச்சல் கால்சட்டையில் தலைவர் வந்தார். இறுக்கமாக இருந்தது. விதிப்படி ரப்பர் தொப்பியும் போட்டிருந்தார். காதுகள் வெளியே நின்றன.

குளத்தை நீளவாக்கில் கடக்க வேண்டுமா, அகலவாக்கிலா என்று விதியில் இல்லை. விதியை எழுதியவர் அவர்தான்.

அகலத்தை எடுத்துக்கொண்டார். குழந்தைகள் பக்கம். நான்கடி ஆழம்.

ஏணியில் பின்புறமாக இறங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்றார். கடைசிப் படியில் கம்பியைப் பிடித்த கை விடவில்லை. 

வேண்டாமுங்க சார், ஏறிருங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

கை விட்டது.

வலக்கை மேலே போய் முன்னால் விழுந்தது. பிறகு இடக்கை. பிசகில்லாத வீச்சு. முப்பது வருடமாகக் கரையில் நின்று பார்த்துப் பார்த்துப் படிந்தது. மோவாய் மட்டும் வானத்தைப் பார்த்திருந்தது. திருநீறு நனையவில்லை.

நடுவில் ஒருமுறை கைகள் நின்றன. கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. யாரையோ கூப்பிடுவதுபோல.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்தின் விளிம்புக்கு வந்தாள்.

கைகள் மறுபடியும் வீசின.

எதிர்ப்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். முதுகு ஏறி இறங்கியது. திரும்பவில்லை.

“பாத்தீங்களா அம்மிணி?”

“பாத்தேனுங்க சார்.”

“முழுசா?”

“முழுசாப் பாத்தேனுங்க.”

அவள் துண்டை எடுத்துக் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ‘ஆம்’ மேல் அழுத்தினாள். கீழே அவள் பெயர் முழுதாக, இனிஷியலோடு வந்தது. சேமிக்கப்பட்டது என்று பச்சையில் ஒரு வரி.

கலெக்டர் வருகிறார் என்று நாலு நாளாகக் குளத்தைச் சுத்தம் செய்திருந்தார்கள். கரையில் நின்றால் அடியிலிருக்கும் நீலக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

தலைவர் அவற்றின்மேல் நடந்துதான் போனார்.