மடித்த கயிறு

கயிறு இடுப்பைச் சுற்றி வரவில்லை. ஒரு முனை தொப்புளுக்கு இந்தப் பக்கமும் மறுமுனை அந்தப் பக்கமும் நின்றுவிட்டன. நடுவில் ஒரு சாண் வயிறு.

செலியமேட்டுச் சுகாதார நிலையத்தில் அன்று முகாம். நர்ஸ் சுகன்யா ஒவ்வொருத்தியையும் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை கயிறு பிடித்து வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு அடங்க வேண்டுமாம். அடங்காவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"மூச்ச உள்ள இழுக்காதீங்கக்கா, வுடுங்க."

செல்வகுமாரி மூச்சை விட்டாள். இடைவெளி இன்னும் அகன்றது. வரிசையில் நின்ற பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் வாய் மட்டும் சும்மா இருக்குமா?

"இன்னாடி இது, கவர்மெண்டு கயித்துல கூடவா மிச்சம் புடிக்கும்?"

நர்ஸும் சிரித்துவிட்டாள். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"குடிப்பழக்கம் உண்டாக்கா?"

அவ்வளவுதான், வரிசையே குலுங்கியது. பின்னால் நின்ற பக்கத்து வீட்டுத் தையலம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "நல்லா கேட்ட போ! புருசன் குடிய நிறுத்த கோயிலுக்கு இழுத்துக்கினு போயி கயிறு கட்டனவ அவ!"

"எல்லாரையும் கேக்கணும்க்கா. ஒரு சொட்டு தொடாதவங்களுக்கும் ஈரல் கெட்டுப் போவுது. வயித்துல சதை போட்டாலே போதும்."

செல்வகுமாரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

போன ஐப்பசியில் செத்துப்போன அவள் புருஷன் அரிகரனுக்கும் ஈரல்தான்.

மினி வேன் ஓட்டினவர். காலையில் சீட்டில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் இறங்குவார். கை கால் எல்லாம் குச்சி; வயிறு மட்டும் அவருக்கு முன்னால் வாசல்படி ஏறும். அந்த வயிற்றை வளர்த்தவள் இவள்தான். இன்னும் ரெண்டு கரண்டி, இன்னும் ரெண்டு கரண்டி என்று கொட்டிக் கொட்டி வளர்த்தாள். என் கைப்பக்குவம் எப்படி என்று அதைத் தட்டிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பிறகு என்னென்னவோ சொன்னார். எதுவும் இவள் காதில் ஏறவில்லை. பாகூர் போகிற வழியில் பிராந்திக்கடை, வில்லியனூர் போகிற வழியில் சாராயக்கடை. நாள் முழுக்க அந்த வழியிலேயே போய் வருகிற ஆம்பளைக்கு ஈரல் சும்மா கெடுமா?

நான் தொட்டதே இல்லை குமாரி என்றார். வண்டி சீட்டுக்கு அடியில் பாட்டில் தேடினாள். தூங்கும்போது வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. சரியான கெட்டிக்காரக் குடிகாரன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். உன் சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில் போடு என்றாள். பாவி, அப்படியா ஒரு வாய் பேசும்!

கடலூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் குடியை விடுவதற்குக் கயிறு கட்டுவார்கள். அங்கே இழுத்துக்கொண்டு போனாள். கண் சிவந்தவனும் கை நடுங்குகிறவனுமாக நின்ற வரிசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அரிகரனும் நின்றார். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார். இனிமேல் குடிப்பியா என்று அதட்டினார்.

அரிகரன் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கும்பிட்ட கையோடு அழுதுகொண்டிருந்தாள்.

"குடிக்க மாட்டேன் சாமி" என்று கையை நீட்டினார்.

வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. மறுநாள் குழாயடியில் ஒருத்தியையும் பாக்கி விடாமல் எல்லாரிடமும் அவளே சொன்னாள், அவரே சாமி முன்னால் ஒத்துக்கொண்டார் என்று. அவர் போனபோது நெஞ்சில் விழுந்து, குடிச்சிக் குடிச்சி என்னை நடுத்தெருவில் விட்டுட்டியே என்று தெருவே கேட்க அழுதாள். அப்போதும் அந்தக் கயிறு அவர் கையில்தான் இருந்தது.

நர்ஸ் மடித்த கயிற்றை அவளிடம் கொடுத்தாள். "வூட்லயே வச்சிக்கினு மாசம் ஒருதரம் சுத்திப் பாருங்கக்கா. நாளைக்கு வெறும் வயித்துல வாங்க, ரத்தம் எடுக்கணும்."

செல்வகுமாரி நகரவில்லை. திரும்பித் தையலம்மாளின் கையைப் பிடித்தாள்.

"தையலு, அவரு குடிக்கலடி."

தையலம்மாளுக்குச் சிரிப்பு போய்விட்டது. பாவம் என்று இவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "வுடு குமாரி. செத்தவர பத்தி இன்னாத்துக்கு இப்ப?"

"சத்தியமா சொல்றன்டி. தொட்டதே இல்ல அவரு."

"அவரே சாமி முன்னால ஒத்துக்கினாருன்னு நீதான சொன்ன?"

நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தையலம்மாள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றாள்.