மணற்காட்டில் நின்ற வான்

சவுக்குமரங்களைத் தாண்டியதும் வானின் முன்சில்லு மணலில் புதைந்தது. செபநாயகம் எஞ்சினை நிறுத்தினான்.

உடனே கடல் கேட்டது.

"இதிலேயே நிக்கட்டும்" என்றாள் மரியநாயகி.

வான் விறகு விற்கிற ஆழ்வாப்பிள்ளை அண்ணையுடையது. ஒரு காலத்தில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஆட்களை ஏற்றியது. தடையால் பெற்றோல் வராத இந்த நாட்களில் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடி, விறகு ஏற்றுகிறது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் பாய் விரித்து, இரண்டு தலையணை போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஓலைப்பெட்டியில் பிட்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

வானுக்குள் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது வெள்ளைக்காரர் செய்கிற வேலை. சின்ன வயதில் காங்கேசன்துறைப் பக்கம் அப்படி ஒரு சோடியை அவன் கண்டிருக்கிறான். அவர்களுடைய வானின் சன்னலில் பூப்போட்ட திரை தொங்கியது. பாவம், இதுகளுக்கு வீடில்லையோ என்று அன்றைக்கு நினைத்தான்.

இப்போது வீடில்லாதவன் அவன்தான்.

தொண்ணூறில் சண்டை வந்து மயிலிட்டியை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கரவெட்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் கிடைத்தது. குடும்பத்துக்குக் குடும்பம் சேலை கட்டிப் பிரித்துக்கொண்டார்கள். அவனும் மரியநாயகியும் கலியாணம் முடித்ததும் அங்கேதான், குடித்தனம் தொடங்கியதும் அங்கேதான். சேலைக்கு அந்தப் பக்கம் அற்புதராணியின் குடும்பம். இந்தப் பக்கம் பாயில் புரண்டால் அந்தப் பக்கம் யாராவது செருமுவார்கள். சத்தம் கேட்குமென்று மரியநாயகி படுக்கமுன் காப்பைக் கழற்றி வைப்பாள்.

கலியாணம் முடித்து நாலு வருசம். இருவரும் குசுகுசுத்தே குடும்பம் நடத்தினார்கள்.

ஐப்பசிக்குப் பிறகு அந்தக் குசுகுசுப்பும் நின்றுபோனது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் சேலைப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மாசியில், பேச்சுவார்த்தை நடக்கிறதென்று கடலில் வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. கரைக்குப் போகலாம் என்றார்கள். அப்போதுதான் ஒருநாள் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு நாளைக்கு என்னை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்."

அவனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஒரு கிழமை முழுக்க ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு விறகு கொத்திக் கொடுத்து வானைக் கேட்டு வாங்கினான். இன்று காலையில் முகம் மழித்தான். நெல்லியடியில் வானை நிறுத்தி, அவள் காணாமல் பூச்சரம் ஒன்று வாங்கி, வாழையிலையோடு சீட்டுக்கடியில் ஒளித்து வைத்தான்.

மரியநாயகி பின்னால் ஏறிப் பாயில் இருந்தாள்.

"கதவைச் சாத்துங்கோ. கண்ணாடியளையும் ஏத்துங்கோ."

வெயில் இன்னும் தாழவில்லை. கரையில் ஒரு குருவிகூட இல்லை. அவன் ஒவ்வொரு கண்ணாடியாக ஏற்றினான். உள்ளே விறகுப் பட்டையின் மணம் நிறைந்தது.

"வெளியிலை கேக்குமோ?"

"கேக்காது. கடல் இரையுதெல்லே" என்று சொல்லிக்கொண்டு பூச்சரத்தை எடுத்துத் திரும்பினான்.

மரியநாயகி இரண்டு கையாலும் வான் தட்டில் அறைந்து, குழறி அழத் தொடங்கினாள்.

"என்ரை பிள்ளை... என்ரை பிள்ளை..."

அவளிடமிருந்து அப்படியொரு சத்தத்தை அவன் கேட்டதேயில்லை. ஐப்பசியில், பிறந்து இரண்டு கிழமைகூட ஆகாமல் காய்ச்சலில் போன மகளுக்கு அவள் அழவில்லை. குஞ்சுச் சவப்பெட்டியைத் தூக்கியபோதும் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கல்நெஞ்சுக்காரி என்று மண்டபத்தில் கதைத்தார்கள். அவனுக்கும் ஒரு நேரம் அப்படித்தான் பட்டது.

"அப்ப அற்புதராணி பெத்து மூண்டு நாள்... சேலைக்கு அங்காலை அவளின்ரை பிள்ளை நித்திரை... நான் எப்பிடியப்பா குழறுறது?"

செபநாயகம் பூவை முன்சீட்டில் போட்டான். பாயில் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவினான்.

அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீங்களும் அழுங்கோ" என்றாள். "நாளைக்கும் இருக்குத்தானே."