மூன்றும் ஓடும்

மலைமேல் இருக்கும் ராணுவக் காவல்நிலையிலிருந்து மூன்று லாரி கேட்டிருந்தார்கள். விடியும்போது குண்டு விழுந்திருக்கிறது. காயம்பட்டவர்கள் முப்பது பேருக்கு மேல்.

அடிவாரப் பணிமனையில் மூன்று இருந்தாலும் ஓடுவது ஒன்றுதான். அது அவனுக்குத் தெரியும். சுபேதார் யேசுரத்தினத்துக்கும் தெரியும்.

அவன் பணிமனை ஹவில்தார். புது டீசல் பம்பு கேட்டுக் கேட்டு எட்டு மாதமாக நாக்கு வறண்டதுதான் மிச்சம். போன மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி நாளுக்கு ஒரு வண்டியாகப் பார்த்தார். இருந்த ஒரே பம்பைக் கழற்றிக் கழற்றி மூன்று வண்டிக்கும் மாட்டிக் காட்டினான். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றும் ஓடும் என்று சுபேதார் கையெழுத்துப் போட்டார்.

அதை நம்பித்தான் மேலே காத்திருக்கிறார்கள்.

பனிமூட்டம் இருக்கும்வரைதான் பாதை. கலைந்தால் எதிரியின் பீரங்கிக்கு லாரி தெரியும்.

ஒரு நடைக்கு மேல் முடியாது.

பின்னால் இரண்டு வரும் என்று ஓட்டுநரிடம் பொய் சொல்லி சுபேதார் ஒன்றை அனுப்பிவிட்டார். மேலே உண்மையைச் சொல்லிவிட அவன் வயர்லெஸ் அறைக்கு ஓடினான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் சுபேதார்.

“சொல்லணும்னா சொல்லுலே. ரெண்டு பேருக்கும் கோர்ட் மார்ஷல்தான். சொன்னா மட்டும் ஒண்ணு மூணாயிருமா?”

அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அறைந்திருக்கலாம். தள்ளிவிட்டாவது உள்ளே போயிருக்கலாம்.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவனும் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

திரும்பி வந்துவிட்டான்.

லாரி இறங்கி வந்தபோது பனி முழுக்கக் கலைந்திருந்தது. பாதையில் குண்டு விழத் தொடங்கிவிட்டது.

கையில் கட்டு. நெற்றியில் கட்டு. எல்லோரும் உட்கார்ந்தே வந்திருந்தார்கள். தாங்களாகவே இறங்கினார்கள்.

படுத்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

மற்றவர்கள் எங்கே என்று கேட்டான். அவனுக்கே அவன் குரல் பிடிக்கவில்லை.

கடைசியாக இறங்கிய சிப்பாய் சொன்னான்.

“ரொம்ப மோசமா அடிபட்டவங்கள ஸ்ட்ரெச்சர்ல கட்டிட்டு இருக்காங்கண்ணே. நேரமாகும்னு எங்கள முதல் வண்டில ஏத்திட்டாங்க. மத்த ரெண்டும் கெளம்பிருச்சில்ல?”

சுபேதார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெளம்பிருச்சு” என்றான் அவன்.